சட்டம் கடுமையானால் கருக்கலைப்பு குறையுமா?

கருக்கலைப்பைச் சட்டத்தால் தடுத்தால் அதன் எண்ணிக்கை குறையுமா, இரு தரப்பினரும் ஆய்வுகளையே சான்றாகக் காட்டும்போது யார் சொல்வதை நம்புவது என்பதுதான் கேள்வி. கேட்டவர் இரண்டு உதாரணங்களையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார். ருமேனியாவில் 1966-இல் தடை வந்ததும் அடுத்த ஆண்டே பிறப்புகள் ஏறக்குறைய இரட்டிப்பாயின. அமெரிக்காவிலோ 2022-க்குப் பிறகு பல மாநிலங்களில் தடை வந்தும், நாடு முழுவதற்குமான கருக்கலைப்பு எண்ணிக்கை கூடியது. இரண்டும் உண்மையான தகவல்கள்தாம். இவை எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்பது விளங்கிவிட்டால் கேள்விக்குப் பாதிக்கு மேல் பதில் கிடைத்துவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டில் எத்தனை கருக்கலைப்புகள் நடக்கின்றன என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது, விரும்பாமல் உண்டாகும் கருத்தரிப்புகளின் எண்ணிக்கை. கருக்கலைப்பு எங்கே, எத்தனையாவது வாரத்தில், எவ்வளவு ஆபத்துடன், யாருடைய செலவில் நடக்கிறது என்பதையே சட்டம் தீர்மானிக்கிறது. அதற்காக, சட்டத்தால் எண்ணிக்கை துளியும் மாறாது என்று சொல்லிவிட முடியாது. மாறுகிறது; ஆனால் அந்த மாற்றத்தின் சுமை பெரும்பாலும் பணமும் போக்கிடமும் இல்லாத பெண்கள் தலையிலேயே விழுகிறது.

இதற்கான சான்றுகளுக்குப் போகுமுன் எண்ணும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்த விவாதத்தில் நடக்கும் குழப்பங்களில் பாதி அங்கிருந்துதான் பிறக்கின்றன. கருக்கலைப்பு விகிதம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, இனப்பெருக்க வயதில் உள்ள 1,000 பெண்களுக்கு ஓர் ஆண்டில் நடக்கும் கருக்கலைப்புகளின் எண்ணிக்கை. உலகளாவிய மதிப்பீடுகள் இந்த வயதை 15 முதல் 49 வரை என்று கொள்கின்றன. அமெரிக்கப் புள்ளிவிவரங்கள் 15 முதல் 44 வரை என்று கொள்கின்றன. ஆகவே இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதே பிழை. மற்றோர் அளவு, பிறப்புகளோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுவது. ஒரு நாட்டில் பிறப்புகள் குறைந்துகொண்டே வந்தால், கருக்கலைப்பு ஒன்றுகூட அதிகரிக்காமலேயே இந்த அளவு ஏறிவிடும். அதை எடுத்துக்காட்டிக் கருக்கலைப்பு பெருகிவிட்டது என்று எழுதுவோரை அடிக்கடி பார்க்கிறோம். மூன்றாவது, விரும்பாத கருத்தரிப்புகளில் எத்தனை சதவீதம் கருக்கலைப்பில் முடிகின்றன என்பது. முதல் அளவு குறையும்போதே இந்த மூன்றாவது அளவு கூடலாம். ஒருவர் எண்ணைச் சொன்னால், அது எதை எதனால் வகுத்து வந்த எண் என்று கேட்பது குதர்க்கமாகாது.

எண்ணைத் திரட்டும் வழியும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. நார்டிக் நாடுகளில் ஒவ்வொரு கருக்கலைப்பும் பதிவாகிறது. அங்கே எண்ணைப் பற்றி யாரும் பெரிதாகச் சண்டையிடுவதில்லை. அமெரிக்காவில் நடுவண் அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கு மாநிலங்கள் தாமாக முன்வந்துதான் விவரம் தருகின்றன. மக்கள்தொகையில் முதலிடத்தில் உள்ள கலிபோர்னியா தருவதே இல்லை. அதனால் அரசின் மொத்தக் கணக்கு, மருத்துவமனைகளை நேரடியாகக் கேட்டுத் திரட்டும் குட்மேக்கர் என்ற தனியார் ஆய்வு நிறுவனத்தின் கணக்கைவிட எப்போதும் குறைவாகவே இருக்கும். பெண்களிடமே நேர்காணலில் கேட்கலாமே என்றால், அமெரிக்கக் குடும்ப ஆய்வுகளில் நடந்த கருக்கலைப்புகளில் பாதிகூடச் சொல்லப்படுவதில்லை என்பது தெரிந்த செய்தி. சட்டம் அனுமதிக்கும் நாட்டிலேயே இந்த நிலை என்றால், சொன்னால் சிறை என்ற நாட்டில் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இந்தியாவின் நிலை இதற்கு இன்னும் துலக்கமான சான்று. இங்கே 1971-இல் இயற்றப்பட்ட மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. 2015-ஆம் ஆண்டுக்கான ஆய்வு ஒன்று, 2018-இல் லான்செட் உலக சுகாதார இதழில் வெளியானது, மருந்து விற்பனைக் கணக்கையும் மருத்துவமனைக் கணக்கெடுப்பையும் சேர்த்து, அந்த ஓர் ஆண்டில் சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிட்டது. அரசுப் பதிவேடுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 7 லட்சம்தான் இருந்தன. மதிப்பிடப்பட்ட கருக்கலைப்புகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, மருத்துவமனைக்குப் போகாமல் மாத்திரை வாங்கிச் செய்துகொண்டவை. சட்டப்படி அனுமதி இருக்கிறது என்பதும், அந்த அனுமதி ஒரு பெண்ணின் கைக்கு எட்டுகிறது என்பதும் வெவ்வேறு என்பதை இந்த ஒரே கணக்கு காட்டிவிடுகிறது.

கருக்கலைப்பு குற்றமாக உள்ள நாடுகளில் வேறு வழி பின்பற்றப்படுகிறது. கருக்கலைப்புக்குப் பின் சிக்கலாகி மருத்துவமனைக்கு வரும் பெண்களை எண்ணி, அவர்களில் இயற்கையான கருச்சிதைவால் வந்தவர்களைக் கழித்து, எத்தனை பேரில் ஒருவர் இப்படி மருத்துவமனைக்கு வருவார் என்பதைத் துறை அறிந்தவர்களிடம் கேட்டு, அந்த எண்ணால் பெருக்குகிறார்கள். பெருக்கும் எண் சற்றுத் தவறினாலும் மொத்தம் பெருமளவு தவறும். மாத்திரைகள் பரவியபின் சிக்கல்கள் குறைந்துவிட்டதால் பழைய பெருக்கும் எண்ணை அப்படியே வைத்திருக்கவும் முடியாது. கருக்கலைப்பை எதிர்க்கும் ஆய்வாளர்கள் இம்முறையைக் குறைகூறுவதில் நியாயம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அக்குறையிலிருந்து, தடை உள்ள நாட்டில் கருக்கலைப்பே நடப்பதில்லை என்ற முடிவுக்குத் தாவ முடியாது. மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் பெண்கள் கற்பனை அல்லர்.

இந்த எச்சரிக்கைகளோடு உலகக் கணக்கைப் பார்ப்போம். 2020-இல் லான்செட் உலக சுகாதார இதழில் வெளியான மதிப்பீட்டின்படி, 2015 முதல் 2019 வரை ஆண்டுதோறும் சுமார் 12 கோடியே 10 லட்சம் விரும்பாத கருத்தரிப்புகள் உண்டாயின. அவற்றில் 61 சதவீதம், அதாவது சுமார் 7 கோடியே 33 லட்சம், கருக்கலைப்பில் முடிந்தன. 1,000 பெண்களுக்கு 39 என்பது விகிதம். ஆய்வாளர்கள் இந்த 7.33 கோடியை ஒற்றை எண்ணாகத் தரவில்லை; உண்மையான எண் 6.67 கோடிக்கும் 8.2 கோடிக்கும் இடையே இருக்கலாம் என்று வரம்பு கொடுத்தே சொன்னார்கள். செய்திகளில் அந்த வரம்பு உதிர்ந்துவிடுகிறது. அதே ஆய்வில், கருக்கலைப்பைக் கட்டுப்படுத்தும் நாடுகளில் விகிதம் குறைவாக இல்லை என்பதும், அந்நாடுகளில் விரும்பாத கருத்தரிப்புகளில் கருக்கலைப்பில் முடிபவற்றின் பங்கு 1990-களின் தொடக்கத்தில் 36 சதவீதமாக இருந்து பிறகு 50 சதவீதமாக உயர்ந்தது என்பதும் தெரியவந்தன. சீனாவையும் இந்தியாவையும் தவிர்த்துப் பார்த்தால், சட்டம் தாராளமாக உள்ள நாடுகளில் இதே காலத்தில் கருக்கலைப்பு விகிதம் நாற்பது சதவீதத்துக்கும் மேல் சரிந்திருந்தது.

இங்கே கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் தரப்பு செய்யும் ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். தடை உள்ள நாடுகளிலும் தடை இல்லாத நாடுகளிலும் விகிதம் ஒன்றே என்பதிலிருந்து, தடையால் எந்த விளைவும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தடை உள்ள நாடுகளில் பல ஏழை நாடுகள். அங்கே கருத்தடை வசதி குறைவு. அதனால் விரும்பாத கருத்தரிப்புகள் அதிகம். அந்நாடுகளில் தடை இல்லாதிருந்தால் விகிதம் என்னவாக இருந்திருக்கும் என்பதை இந்த ஒப்பீடு சொல்லாது. அதை அறிய, ஒரே நாட்டில் சட்டம் மாறியபோது என்ன நடந்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

அதற்கு ருமேனியாவைப் போல் பாடம் சொல்லும் நாடு வேறில்லை. 1957 முதல் அங்கே கருக்கலைப்பு எளிதாகக் கிடைத்தது. நவீனக் கருத்தடைச் சாதனங்கள்தாம் கிடைக்கவில்லை. 1965-இல் ஓர் உயிருள்ள பிறப்புக்கு ஏறக்குறைய நான்கு கருக்கலைப்புகள் என்ற நிலை இருந்தது. மக்கள்தொகையைப் பெருக்க விரும்பிய சர்வாதிகாரி சௌசெஸ்குவின் அரசு 1966 அக்டோபரில் 770-ஆம் எண் ஆணையைப் பிறப்பித்து, நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள், நான்கு குழந்தைகளைப் பெற்றவர்கள் முதலிய சிலரைத் தவிர மற்றவர்களுக்குக் கருக்கலைப்பைத் தடை செய்தது. 1966-இல் சுமார் 2 லட்சத்து 74 ஆயிரமாக இருந்த பிறப்புகள் 1967-இல் 5 லட்சத்து 28 ஆயிரத்தை நெருங்கின. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.9 என்றிருந்த குழந்தைப்பேறு 3.7 ஆயிற்று. தடை பலிக்கும் என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் கதை அதற்குப் பின் இருபத்திரண்டு ஆண்டுகள் நீண்டது. கள்ளத்தனமாகக் கருக்கலைக்கும் வழிகளை மக்கள் கண்டுகொண்டதும் பிறப்பு விகிதம் ஆண்டுக்காண்டு இறங்கி, 1980-களின் தொடக்கத்தில் தடைக்கு முந்தைய அளவை ஏறக்குறைய தொட்டுவிட்டது. அரசு விடவில்லை, 1985-இல் சட்டத்தை மேலும் இறுக்கியது, பெண் தொழிலாளர்களை வேலையிடத்திலேயே மகப்பேறு பரிசோதனைக்கு உட்படுத்தியது, குழந்தையில்லாதவர்களிடம் வரியும் வசூலித்தது. அத்தனைக்குப் பின்னும் பிறப்பு விகிதம் 1967-இன் உயரத்தை மறுபடி எட்டவில்லை.

ஏறியது பேறுகால இறப்பு விகிதம். ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் அது ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 150-ஐத் தாண்டி, ஐரோப்பாவிலேயே மிக மோசமானதாக இருந்தது. அந்த இறப்புகளில் ஐந்தில் நான்குக்கும் மேல் கருக்கலைப்பால் நேர்ந்தவை. 1989 டிசம்பரில் சௌசெஸ்கு வீழ்ந்ததும் புதிய அரசு முதன்முதலாக நீக்கிய சட்டங்களில் இதுவும் ஒன்று; ஒரே ஆண்டில் பேறுகால இறப்பு விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துபவர்களும் உண்டு. 1990-இல் பதிவான கருக்கலைப்புகள் பத்து லட்சத்தை நெருங்கின, ஒரு பிறப்புக்கு மூன்று என்ற அளவில். கருத்தடை இன்னும் வந்து சேராத நாட்டில் தடையை மட்டும் நீக்கினால் எண்ணிக்கை கூடும் என்பதற்கும் ருமேனியாதான் சான்று. பிறகு கருத்தடை மாத்திரைகளும் சாதனங்களும் பரவப் பரவ, 2010 வாக்கில் எண்ணிக்கை ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தது. பெண்கள் உயிரோடிருந்ததற்குக் காரணம் சட்டம் மாறியது. கருக்கலைப்பு பத்தில் ஒன்றாகக் குறைந்ததற்குக் காரணம் கருத்தடை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மற்ற நாடுகளின் கணக்கைப் படிப்பது எளிதாகிவிடும்.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று சிலி. அங்கே 1989-இல் கருக்கலைப்பு முற்றிலும் தடை செய்யப்பட்டது. தடைக்குப் பிறகும் பேறுகால இறப்பு விகிதம் தொடர்ந்து குறைந்து, 1989-இல் ஒரு லட்சத்துக்கு 41 என்றிருந்தது 2007-இல் 13-க்கும் கீழே வந்ததாக 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. தகவல் சரியானது, தடை வந்தால் பேறுகால இறப்பு கூடியே தீரும் என்று சொல்பவர்கள் இதைக் கண்டுகொள்ளாமல் கடந்து செல்லக் கூடாது. ஆனால் அந்த ஆய்வே இச்சரிவுக்குப் பெண்கல்வியையும் பிரசவ மருத்துவ வசதியையும்தான் முதன்மைக் காரணங்களாகக் கூறியது. குறையும் போக்கு தடைக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. கூடவே, ருமேனியாவின் தடைக் காலத்தில் இல்லாத ஒன்று இலத்தீன் அமெரிக்காவில் வந்து சேர்ந்திருந்தது. அதுதான் மிசோப்ரோஸ்டால்.

வயிற்றுப்புண்ணுக்கான இம்மாத்திரை 1980-களின் நடுவில் பிரேசில் மருந்துக் கடைகளுக்கு வந்தது. கருவுற்றோர் உட்கொள்ளக் கூடாது என்று உறையில் அச்சிடப்பட்டிருந்த எச்சரிக்கையைப் படித்த பெண்கள், அது கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதைத் தாங்களே புரிந்துகொண்டார்கள். வாய்வழியாக அச்செய்தி பரவியது. கூரிய பொருள்களாலும் கரைசல்களாலும் நடந்த கருக்கலைப்புகள் குறைந்தன. கடும் தொற்றோடு மருத்துவமனைக்கு வருவோரும் குறைந்தனர். பின்னர் அதே மருந்து மிஃபெப்ரிஸ்டோன் என்ற மற்றொரு கருக்கலைப்பு மாத்திரையோடு சேர்த்து உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையில் இடம்பெற்றது. சட்டத்துக்கும் உயிரிழப்புக்கும் இடையிலான பழைய நேர்க்கோட்டை இந்த மாத்திரை வளைத்துவிட்டது. ஆகவேதான் இன்று வரும் தடைகளின் விளைவை ருமேனியாவின் இறப்புக் கணக்கை வைத்து அப்படியே ஊகிக்க முடியாது. அதற்காக ஆபத்து நீங்கிவிட்டது என்றும் பொருளில்லை. 2010–14 காலத்துக்கான மதிப்பீட்டின்படி உலகக் கருக்கலைப்புகளில் சுமார் 45 சதவீதம், ஆண்டுக்கு இரண்டரைக் கோடி, பாதுகாப்பற்றவை. அவற்றில் 97 சதவீதம் வளரும் நாடுகளில் நடந்தவை. தென்னாப்பிரிக்காவில் 1997-இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த சில ஆண்டுகளில் கருக்கலைப்பால் நேரும் இறப்புகள் தொண்ணூறு சதவீதம் குறைந்தது இந்த வேறுபாட்டின் மறுபக்கம்.

தென்கொரியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே 1953 முதல் கருக்கலைப்பு குற்றமாக இருந்தது. 1973-இல் சில விலக்குகள் தரப்பட்டன. எனினும் பெண்சிசு என்பதற்காகக் கலைப்பது எக்காலத்திலும் அனுமதிக்கப்படவில்லை. ஆயினும் 1990-இல் 100 பெண் குழந்தைகளுக்கு 116 ஆண் குழந்தைகள் பிறந்தன. 2000-களின் இறுதிக்குள் அவ்விகிதம் இயல்பான நிலைக்குத் திரும்பியது. அப்போதும் கருக்கலைப்பு குற்றமாகவே இருந்தது, அதை அரசியல் சட்ட நீதிமன்றம் செல்லாதென்றது 2019-இல்தான். மாறியது மகள்களைப் பற்றிய குடும்பங்களின் எண்ணம், பெண்களின் கல்வி, முதுமையில் மகனையே சார்ந்திருக்க வேண்டிய நிலை ஆகியவை. மருத்துவர்கள் மீதான நடவடிக்கைக்கும் ஒரு பங்கு உண்டு என்பவர்கள் உள்ளனர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பல பத்தாண்டுத் தடையால் செய்ய முடியாததைச் சமூக மாற்றம் செய்தது என்பது கண்கூடு.

கருத்தடை கருக்கலைப்பைக் குறைக்கிறதா என்ற கேள்வியிலும் எளிய பதிலுக்கு இடமில்லை. கருத்தடை பரவிய காலத்திலேயே கருக்கலைப்பும் கூடிய நாடுகள் உண்டு. தென்கொரியாவும் கியூபாவும் அவற்றில் சேரும். கருத்தடை, கருக்கலைப்பு மனப்பான்மையை வளர்க்கிறது என்று வாதிடுவோர் இவற்றைக் காட்டுவார்கள். மக்கள்தொகை ஆய்வாளர்கள் ஜான் கிளீலாண்டும் சிசிலி மார்ஸ்டனும் 2003-இல் எழுதிய கட்டுரை இப்புதிரை அவிழ்த்தது. ஆறு குழந்தைகள் போதாது என்றிருந்த சமூகம் இரண்டே போதும் என்று வேகமாக மாறும்போது, தேவை கருத்தடை வசதியை முந்திக்கொண்டு ஓடுகிறது; இடைவெளியைக் கருக்கலைப்பு நிரப்புகிறது. குடும்ப அளவு நிலைபெற்றபின் கருத்தடை கூடக் கூடக் கருக்கலைப்பு இறங்குகிறது. கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், பல்கேரியா ஆகியவற்றில் இதுவே நடந்தது. ரஷ்யாவில் 1990-இல் ஆண்டுக்கு ஏறக்குறைய 40 லட்சமாக இருந்த கருக்கலைப்புகள், சட்டம் பெரும்பாலும் தாராளமாகவே இருந்தபோதும், 2010-களின் நடுவில் 10 லட்சத்துக்கும் கீழே வந்தன.

இவற்றையெல்லாம்விட எனக்கு நம்பகமாகத் தோன்றுவது வங்கதேசத்தின் மட்லப் பகுதி ஆய்வு. அப்பகுதியில் பாதிக் கிராமங்களுக்கு 1970-களின் இறுதியிலிருந்து களப்பணியாளர்கள் வீடுதோறும் சென்று கருத்தடைச் சேவையைத் தரமாக அளித்தார்கள். மீதிப் பாதிக்கு வழக்கமான அரசுச் சேவைதான். மக்கள் ஒரே வகையினர், சட்டம் ஒன்று, ஒவ்வொரு கருத்தரிப்பின் முடிவும் பதிவாகியிருந்தது. இரு பகுதிகளிலும் சிறு குடும்ப விருப்பம் வளர்ந்தது. ஆனால் சேவை நன்றாக இருந்த பகுதியில் கருக்கலைப்பு தாழ்வாகவே நின்றது, மற்றப் பகுதியில் ஏறியது. இரு நாடுகளை ஒப்பிடும்போது எழும் ஐயங்கள் பலவும் இங்கே எழுவதில்லை.

இதே பாடத்தை எதிர்த் திசையிலிருந்து கற்பித்தது, 1984-இல் ரீகன் அரசு மெக்சிகோ நகர மாநாட்டில் அறிவித்த கொள்கை. கருக்கலைப்பு பற்றி ஆலோசனை கூறும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கு அமெரிக்கக் குடும்பநல நிதி கிடையாது என்பது அதன் சாரம். குடியரசுக் கட்சி ஆட்சிக்கு வரும்போதெல்லாம் அமலாகி, ஜனநாயகக் கட்சி வந்ததும் நீக்கப்படுவதால் அதன் விளைவை அளப்பது ஆய்வாளர்களுக்கு எளிதாயிற்று. சகாரா பாலைக்குத் தெற்கே உள்ள 26 நாடுகளைப் பற்றி 2019-இல் வெளியான ஆய்வில், அந்த நிதியைப் பெரிதும் நம்பியிருந்த நாடுகளில் கொள்கை அமலில் இருந்த ஆண்டுகளில் கருத்தடைப் பயன்பாடு 14 சதவீதம் குறைந்ததும், கருக்கலைப்பு சுமார் 40 சதவீதம் கூடியதும் தெரிந்தன. நிதியை இழந்தவை கருத்தடைச் சாதனங்களையும் விநியோகித்து வந்த நிறுவனங்கள். கருக்கலைப்பைக் குறைக்க வேண்டும் என்று மனதார விரும்பும் ஒருவர் மற்ற எந்த ஆய்வையும்விட இதைப் படித்துக் கலங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேள்வியின் இரண்டாம் பகுதி, யாரை நம்புவது என்பது. குட்மேக்கர் நிறுவனம் குடும்பநல அமைப்பு ஒன்றின் பிரிவாகத் தொடங்கி 1977-இல் தனியாகியது. அது கருக்கலைப்பு உரிமையை வெளிப்படையாக ஆதரிக்கிறது. ஆயினும் அதன் அமெரிக்க எண்ணிக்கையை எதிர்த்தரப்பும் பயன்படுத்துகிறது, ஏனென்றால் அதன் முறை திறந்த புத்தகமாக உள்ளது. மறுபுறத்தில் கருக்கலைப்பை எதிர்க்கும் ஷார்லட் லோசியர் நிறுவனத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்களின் மூன்று கட்டுரைகளை சேஜ் பதிப்பகம் 2024 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. அவற்றில் இரண்டு, மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரைக்கு எதிரான அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பொன்றில் மேற்கோளாக இடம்பெற்றிருந்தவை. சார்பு எல்லோருக்கும் இருக்கலாம். தரவைப் பிறர் சரிபார்க்க முடிகிறதா என்பதே வேறுபாடு.

உடல்நலக் கூற்றுகளில் ஒன்று கருக்கலைப்பால் மார்பகப் புற்றுநோய் வரும் என்பது. நோய் வந்தபின் பெண்களிடம் கேட்டு எழுதிய பழைய ஆய்வுகளில் அப்படியொரு தொடர்பு தென்பட்டது. நோயுற்றவர் தம் வாழ்வின் ஒவ்வொரு நிகழ்வையும் துருவி நினைவுகூர்வார், நலமாக உள்ளவர் பழைய கருக்கலைப்பைச் சொல்லாமல் விடுவார் என்பதுதான் அதற்குக் காரணம். 16 நாடுகளின் 53 ஆய்வுகளை, 83,000 நோயாளிகளின் தரவோடு ஒன்றுசேர்த்து 2004-இல் லான்செட்டில் வெளியான ஆய்வு, முன்கூட்டியே பதிவான தகவலை வைத்துப் பார்த்தால் அத்தொடர்பு மறைந்துவிடுவதைக் காட்டியது. இந்தக் கூற்றை இன்னும் சொல்பவர்கள் நிறுத்திக்கொள்வது நல்லது.

மனநலம் பற்றிய கேள்வி கடினமானது, ஏனென்றால் ஒப்பிட வேண்டியது யாரை என்பதிலேயே சிக்கல். கருக்கலைத்த பெண்ணை, விரும்பிக் குழந்தை பெற்ற பெண்ணோடு ஒப்பிடுவது நியாயமாகாது. விரும்பாத கருவைச் சுமந்தவரோடுதான் ஒப்பிட வேண்டும். டயானா கிரீன் ஃபாஸ்டர் தலைமையில் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வு அதையே செய்தது: கால வரம்புக்குச் சற்று முன்னால் வந்து கருக்கலைப்பு கிடைத்தவர்களையும், சற்றுப் பின்னால் வந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களையும் சேர்த்து ஏறக்குறைய ஆயிரம் பெண்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. மறுக்கப்பட்டவர்களே தொடக்கத்தில் கூடுதல் மனக்கலக்கத்தில் இருந்தனர். நாளடைவில் இரு குழுவினரின் மனநலமும் ஒத்துப்போனது. மறுக்கப்பட்டவர்களின் பணநெருக்கடி மட்டும் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அழைக்கப்பட்டவர்களில் ஐந்தில் இருவருக்கும் குறைவானவர்களே இதில் சேர்ந்தார்கள் என்பது நியாயமான குறை. துயரத்தில் இருந்தவர்கள் சேராமல் விலகியிருக்கலாம். சில பெண்கள் கருக்கலைப்புக்குப் பின் ஆழ்ந்த வருத்தத்தில் வாழ்கிறார்கள் என்பதையும் எந்தச் சராசரியும் பொய்யாக்காது. அவர்களுக்கு உதவி வேண்டும், வாதத்துக்கான கருவியாக அவர்கள் ஆக்கப்படக் கூடாது.

கருவின் உயிருக்கு எந்தக் கட்டத்தில் என்ன உரிமை என்ற கேள்வியை இவ்வெண்களில் எதுவும் தீர்க்காது. ஒவ்வொரு கருவும் முழு மனித உயிரே என்று நம்புபவருக்கு, தடையால் சிறிதளவே குறைந்தாலும் அதுவே போதும் என்று தோன்றலாம். அது தர்க்கப் பிழை அன்று. பெண்ணின் உடல் மீது அரசுக்கு அதிகாரம் இல்லை என்று நம்புபவர், தடையால் எண்ணிக்கை பாதியானாலும் ஏற்கமாட்டார். விளைவுகளைப் பற்றிப் பேசும்போதாவது இருவரும் ஒரே கணக்கை ஒப்புக்கொள்ளலாம் என்பதே ஆய்வின் பயன்.

கடைசியாக அமெரிக்கா. கருக்கலைப்பை நாடு முழுதும் அரசியல் சட்ட உரிமையாக்கிய ரோ வழக்கின் 1973 தீர்ப்பு நடைமுறையில் இருந்தபோதே, 1981-இல் 1,000 பெண்களுக்கு 29.3 என்றிருந்த விகிதம் 2017-இல் 13.5 வரை இறங்கிவிட்டது. கட்டுப்பாடுகளைப் பெருக்கிய மாநிலங்களிலும் பெருக்காத மாநிலங்களிலும் சரிவு இருந்தது. இறுதிப் பத்தாண்டில் பிறப்புகளும் கூடவே குறைந்தன. தடுக்கப்பட்ட பெண்கள் குழந்தை பெற்றிருந்தால் பிறப்புகள் கூடியிருக்க வேண்டும். ஆகவே குறைந்தது கருத்தரிப்பே. 2017-க்குப் பின் விகிதம் மெல்ல ஏறத் தொடங்கியது. 2022 ஜூன் 24 அன்று அந்த உரிமையை நீக்கிய டாப்ஸ் தீர்ப்பு வந்தபின் பல மாநிலங்கள் முழுத் தடை விதித்தன. ஆயினும் 2023-இல் நாட்டின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. ஐந்தில் ஒருவர் மாநில எல்லை கடந்து சென்றார்கள்; காணொளி வழியே மருத்துவரிடம் பேசி அஞ்சலில் மாத்திரை பெறுவது பெருகி, 2024 இறுதியில் நான்கில் ஒன்று அவ்வழியே நடந்தது; தடையில்லா மாநிலங்களில் நிதியுதவியும் வசதியும் கூடியதால் அங்குள்ள பெண்களுக்கும் முன்பைவிட எளிதாயிற்று. மொத்தம் கூடியது என்பதால் தடைக்கு விளைவே இல்லை என்று சொல்லிவிட முடியாததும் இதனால்தான்.

விளைவைப் பார்க்க வேண்டிய இடம் பிறப்புப் பதிவேடு. கருக்கலைப்புகள் அஞ்சல் உறைக்குள் போய்விட்ட காலத்திலும் பிறப்பும் இறப்பும் ஏறக்குறைய ஒன்று விடாமல் பதிவாகின்றன. 2023-இன் முதற்பாதியில் தடை மாநிலங்களில் பிறப்புகள், தடையில்லா மாநிலங்களோடு ஒப்பிட, சராசரியாக 2.3 சதவீதம் கூடுதலாயின. அருகில் கருக்கலைப்புக்கு வேறு மருத்துவமனை இல்லாத டெக்சஸ், மிசிசிப்பி போன்ற இடங்களில் இன்னும் கூடுதல். டெக்சஸில் 2021 செப்டம்பரில், ஏறக்குறைய ஆறு வாரத்துக்குப் பின் கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டம் வந்தபின், 2021-இல் 1,985 ஆக இருந்த சிசு இறப்புகள் 2022-இல் 2,240 ஆயின, 12.9 சதவீத ஏற்றம், நாட்டின் மற்றப் பகுதிகளில் 1.8 சதவீதம்தான். கூடிய இறப்புகளில் பிறவிக் குறைபாட்டால் நேர்ந்தவை முனைப்பாக இருந்தன. பிழைக்காது என்று கருவிலேயே தெரிந்த குழந்தைகளும் பிரசவம் வரை சுமக்கப்பட்டுப் பிறந்து இறந்தன என்பதே அதன் பொருள். 2025-இல் வெளியான மற்றோர் ஆய்வு, தடை விதித்த 14 மாநிலங்களில் சிசு இறப்பு விகிதம் எதிர்பார்த்ததைவிட 5.6 சதவீதம் மிகுந்திருப்பதைக் கண்டது. பயணச் செலவுக்குப் பணமில்லாதவர்கள், விடுப்புக் கிடைக்காதவர்கள், ஏற்கெனவே வீட்டில் குழந்தைகளை வைத்திருப்பவர்கள் ஆகியோரின் பெயர்களே அந்தப் பதிவேடுகளில் மிகுதி.